ஒன்பது வருஷம் வேலை பார்த்தவரை அனுப்பணும், ஆனா லேபர் கோர்ட் வாசல் மிதிக்கக் கூடாது. வழி உண்டா?

கலர்கடை (திண்டுக்கல்)

வணக்கம். பெயிண்ட், ஹார்டுவேர் கடை. அப்பா ஆரம்பிச்சது, ரெண்டு வருஷமா நான் பார்க்கிறேன். மொத்தம் 14 பேர் வேலை செய்றாங்க. அதுல ஒருத்தர் 9 வருஷத்துக்கு மேல இருக்கார், வயசு ஐம்பதை ஒட்டி. டிண்டிங் மெஷினும் (கலர் கலக்குற மெஷின்) குடோனும் அவர் கையிலதான். ஷேடு கார்டைப் பார்க்காமலே நம்பர் சொல்லுவார். பெயிண்டர்கள் கடைக்குள்ள வந்தா அவரைத்தான் தேடுவாங்க. வேலை தெரியாதவர்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனா காலையில கடை 9 மணிக்குன்னா அவர் வர்றது பத்தரைக்கு. புது பில்லிங் சாஃப்ட்வேரைத் தொடவே மாட்டார். துண்டுச் சீட்டுல எழுதி சரக்கை ஏத்தி விட்டுட்டு "அப்புறம் பில் போட்டுக்கலாம் தம்பி"ங்கறார். தெரிஞ்ச பெயிண்டர்களுக்கு என்னைக் கேட்காம கடன். போன மாசம் ஷேடு மாறிடுச்சுன்னு கேட்க வந்த ஒரு கஸ்டமர் அம்மாவை எல்லார் முன்னாடியும் பேசக் கூடாத பேச்சு பேசிட்டார். கவுண்டர் பையனை அடிக்கக் கை ஓங்கினார். 20 லிட்டர் எமல்ஷன் பக்கெட் 4 ஸ்டாக்ல குறையுது. அவர் எடுத்தார்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை.

நான் அவரை அண்ணேன்னுதான் கூப்பிடுறேன். அவர் கஸ்டமர் முன்னாடியே "தம்பிக்கு இன்னும் பிடிபடலை"ம்பார். சம்பளம் 22,000. அட்வான்ஸ் 40,000 பாக்கி. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்னு எதுவும் கொடுத்ததில்லை. "நாளையில இருந்து வராதீங்க"ன்னு சொன்னா என்ன ஆகும்?

---

நேராப்பேசு

இதுக்கு எதுக்குங்க இவ்வளவு யோசனை? சம்பளத்தை நிறுத்துங்க, தானா போயிடுவார். போகும்போது ஒரு வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி வச்சுக்குங்க. பக்கெட் விஷயத்துக்கு ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட். வியாபாரிங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டோவைப் போட்டுட்டா வேற எந்தக் கடையிலயும் சேர்க்க மாட்டாங்க. ஆர்டரே கொடுக்கலையே, அவர் உங்க ஆள்னு எப்படி நிரூபிப்பார்?

---

வழக்குக்கட்டு (மதுரை)

நேராப்பேசு சொன்னதை எல்லாம் வரிசையாகச் செய்துவிட்டு வருகிறவர்கள் இல்லாவிட்டால் என் அலுவலகத்துக்கு வாடகை கட்ட முடியாது. முதலாளி பக்கமும் நின்றிருக்கிறேன், தொழிலாளி பக்கமும் நின்றிருக்கிறேன். இரண்டு பக்கத்து அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41-வது பிரிவுதான் உங்கள் கடைக்கு முதலில் வரும். தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் வேண்டும், அல்லது அதற்கான சம்பளம். ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி, அதற்கென விசாரணை நடத்தி, திருப்தியான சாட்சியம் பதிவாகியிருந்தால் மட்டும் அந்த நோட்டீஸ் தேவையில்லை. நீக்கப்பட்டவர் 30 நாளுக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த அதிகாரி உங்கள் பேப்பரை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு முடிக்க வேண்டியதில்லை, தானே சாட்சியம் வாங்கலாம். குன்னூர் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-இல் இதைச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு வழியும் அவருக்கு உண்டு. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. தனி ஒரு தொழிலாளியே சங்கம் எதுவும் இல்லாமல் சமரச அதிகாரியிடம் போகலாம். 45 நாள் கடந்தும் முடியாவிட்டால் நேரே தீர்ப்பாயம். அதற்கு வேலையை விட்டு நீக்கிய நாளிலிருந்து 2 வருஷம் அவகாசம் இருக்கிறது.

இனி அந்த யோசனைகள். ஆர்டர் கொடுக்காதது உங்களுக்கு லாபம் என்பது பெரிய கற்பனை. வங்கியில் மாதாமாதம் ஏறும் சம்பளம், பெயிண்டர்களின் வாய்மொழி, கடைத் திறப்பு விழாப் போட்டோ, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஆர்டர் இல்லாததால் நஷ்டம் உங்களுக்கே: வேலை நேரம் இதுதான், கடன் கொடுக்க அனுமதி இல்லை என்றெல்லாம் எழுத்தில் சொன்னதற்கு உங்களிடம் ஒன்றுமே இல்லை.

வெள்ளைத்தாள் கையெழுத்து: அவர் விரும்பி ராஜினாமா செய்தார் என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். மேலே டைப் அடித்த வரிகளும் கீழே அவசரக் கையெழுத்தும் இருக்கிற தாளைப் பார்த்த மாத்திரத்தில் அதிகாரிக்கு விளங்கிவிடும்.

ஆதாரமில்லாத திருட்டுப் புகாரும் வாட்ஸ்அப் போட்டோவும் இன்னும் மோசம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அவதூறுக்கானது. குரூப்பில் இருநூறு பேர் இருந்தால் இருநூறு சாட்சி. ஒரு வேலை நீக்கத் தகராறோடு போயிருக்க வேண்டியது கிரிமினல் கோர்ட் வரை இழுக்கும்.

கோபத்தில் பேசும்போது வாயில் சாதி வந்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளே வந்துவிட்டால், அவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

---

ஷட்டர்_சத்தம் (திருச்சி)

நான் முதலாளி இல்லைங்க, ஜவுளிக்கடையில துணி விரிச்சுப் போட்டுக் காட்டுற ஆள். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் செய்வேன். இதுக்கு மட்டும் எழுதணும்னு தோணுச்சு.

அவர் பத்தரைக்கு வர்றார்னு எழுதியிருக்கீங்க. ராத்திரி எத்தனை மணிக்குப் போறார்னு எழுதலையே? வாரத்துல எந்த நாள் லீவு? அப்பா காலத்துல காலையில எத்தனை மணிக்கு வந்துட்டிருந்தார்? தெரிஞ்ச பெயிண்டருக்குக் கடன் கொடுக்கிற பழக்கத்தை யார் ஆரம்பிச்சது?

கடைச் சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான். அதே சட்டத்துலதான் உங்களை மாதிரி முதலாளிங்களுக்குப் பிடிச்ச நோட்டீஸ் எல்லாம் இருக்கு. அவரை அனுப்பின மறுநாள் அவர் எடுத்துட்டுப் போகப் போறது அந்த மணிக்கணக்கைத்தான்.

---

கலர்கடை

ஷட்டர்_சத்தம், கடுப்பாத்தான் இருந்துச்சு, ஆனா கேள்வி நியாயம். ராத்திரி குடோன் பூட்டிட்டுப் போக ஒன்பதரை ஆகும். ஞாயிறு அரை நாள் கடை உண்டு, அவர் வருவார். அப்பா காலத்துல பத்து மணிக்கு வந்துட்டிருந்தார்னு அம்மா சொல்றாங்க. கடன் விஷயம் அப்பாகிட்ட இன்னும் கேட்கலை.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 8 பேருக்குத்தான் கட்டுறேன். இதெல்லாம் இந்தத் தலைப்புக்குள்ள வருமா?

---

சலான்காரர் (கரூர்)

வரும். இதுதான் தலைப்பே.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ரிட்டர்ன் போடுறதுதான் என் தொழில். கடையை விட்டு அனுப்பப்பட்டவர் கொடுக்கிற மனுவுல "என்னை நீக்கிட்டாங்க"ங்கறது ஒரு பாரா. மிச்ச நாலு பாரா ஓவர்டைம், வார விடுமுறை, குறைஞ்சபட்சக் கூலி, ஈ.எஸ்.ஐ. இல்லாதது. நீக்கின வழக்குல நீங்க ஜெயிச்சாலும் இந்த நாலு பாராவுல தோப்பீங்க.

10 பேர் இருந்தா ஈ.எஸ்.ஐ., மாசம் 21,000 வரைக்கும் வாங்குற எல்லாருக்கும். உங்க ஆள் 22,000, அதனால அவர் வர மாட்டார். ஆனா மத்த பசங்க வருவாங்க, எட்டு பேரோட நிறுத்த முடியாது. பி.எஃப். கட்டாயம் ஆகறது 20 பேர்ல, அதனால உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. முதல்ல வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, லீவு கணக்கு மூணையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வைங்க. அவர் ஒருத்தருக்கு மட்டும் இன்னைக்கு நோட்டு போட்டு நேரம் குறிக்க ஆரம்பிச்சா, பழிவாங்குறதுக்குன்னே ஆரம்பிச்சதுன்னு அதுவே சாட்சி சொல்லும்.

---

தறிக்காரம்மா (ஈரோடு)

கண்ணு, நான் தறிக்கூடம் நடத்தறனுங்க. ஆம்பளை ஆளுங்களை வச்சு வேலை வாங்கற பொம்பளைக்கு இந்தத் தொல்லை உங்களுக்கு இருக்கறதை விட ரெண்டு மடங்கு. எங்கூர்ல "அம்மணிக்கு என்ன தெரியும்"பாங்க, உங்கூர்ல "தம்பிக்குப் பிடிபடலை"ங்கறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

வக்கீல் சார் சொல்றதெல்லாம் சரிங்க. ஆனா அவருகிட்ட ஒரு தடவையாவது உக்கார வச்சுப் பேசினீங்களா? கடையில இல்லைங்க, சாயங்காலம் வேற எங்கயாவது. கூட அப்பா இருக்கக் கூடாது. அப்பா இருந்தா அவர் அப்பாகிட்டத்தான் பேசுவார், உங்ககிட்டப் பேச மாட்டார். என்ன குறைன்னு அவரைக் கேளுங்க, பாதியில குறுக்க வராதீங்க. அப்புறம் மூணே விஷயம் சொல்லுங்க: பில் இல்லாம சரக்கு வெளிய போகக் கூடாது, எங்கிட்டக் கேக்காம கடன் கிடையாது, கஸ்டமரையும் பசங்களையும் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. நேர விஷயத்தை இப்ப விட்டுருங்க. ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிக்கறவர்கிட்டக் காலையில ஒன்பதுன்னு கேட்டா எனக்கே கோவம் வரும்.

பேசி முடிச்ச அன்னைக்கே என்ன தேதி, என்ன பேசினீங்க, அவரு என்ன சொன்னாருன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுருங்க. நான் எப்பவும் எழுதி வைப்பனுங்க. நல்லதா ஏதாச்சும் செஞ்சாலும் எழுதுவேன். அது முக்கியமுங்க. வெறும் குத்தத்தை மட்டும் எழுதின நோட்டை யாரு நம்புவா?

மெமோ கொடுக்கறதுன்னா கொடுங்க. அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டே கொடுக்கலாம், தப்பில்லை.

---

கலர்கடை

நன்றிம்மா. நேத்து பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில வச்சுப் பேசினேன். முக்கால் மணி நேரம் அவர்தான் பேசினார். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதுல ஆரம்பிச்சு எல்லாம் வந்துச்சு. கடைசியில "உங்கப்பா இருந்தா இதைப் பேச விட்டிருப்பாரா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டார். அப்பா வீட்டுலதான் இருக்கார், நல்லாத்தான் இருக்கார்!

இன்னைக்குக் காலையில அதே மாதிரி இன்னொரு லோடு, துண்டுச் சீட்டுல. மெமோ எழுதலாம்னு இருக்கேன். எப்படி எழுதுறது? தமிழ்ல கொடுக்கலாமா, இங்கிலீஷ்ல டைப் அடிக்கணுமா?

---

வழக்குக்கட்டு

தமிழில்தான் கொடுக்க வேண்டும். அவருக்குப் புரியாத மொழியில் குற்றச்சாட்டு கொடுத்தால் முதல் ஆட்சேபணையே அதுதான்.

"உங்கள் நடத்தை சரியில்லை, பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை" என்று எழுதாதீர்கள். எந்த நடத்தை, எந்த முறை என்று கேட்டால் பதில் இருக்காது. இப்படி எழுதுங்கள்:

"இன்ன தேதி காலை சுமார் 11 மணிக்கு, இன்ன வண்டியில், 20 லிட்டர் ப்ரைமர் 3 பக்கெட்டும் பட்டி 5 மூட்டையும் பில் போடாமல் குடோனிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள். பில் இல்லாமல் சரக்கு அனுப்பக் கூடாது என்று இன்ன தேதி உங்களிடம் நேரில் சொல்லப்பட்டது. இதுபற்றி உங்கள் விளக்கத்தை இந்தக் கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் தரவும்."

அவ்வளவுதான். "ஆகவே நீங்கள் குற்றம் செய்தீர்கள்" என்று கீழே முடித்துவிடாதீர்கள். விளக்கம் வரும் முன்பே முடிவெடுத்துவிட்டீர்கள் என்று ஆகும். கஸ்டமர் அம்மா விஷயம் தனி மெமோ. அதில் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். எழுதவே கூசும், தெரியும். "தகாத வார்த்தை" என்று மட்டும் இருந்தால் அது தகாததா இல்லையா என்று விசாரிக்கிறவர் எப்படி முடிவு செய்வார்? பக்கெட் 4 குறைந்ததை இப்போது எழுத வேண்டாம். சாவி அவரிடம் மட்டும்தானா, கடைசியாக ஸ்டாக் எண்ணியது எப்போது என்று முதலில் நீங்கள் பாருங்கள்.

கேமரா இருந்தால் அந்த நாள் பதிவை இன்றே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். டிஸ்க் நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதிவிடும். எல்லாரும் கோட்டை விடுவது இதில்தான்.

---

கலர்கடை

கொடுத்தேன். வாங்கலை. "உன் பேப்பரை நீயே வச்சுக்க தம்பி"ன்னு கவுண்டர்ல வச்சுட்டுப் போயிட்டார்.

---

வழக்குக்கட்டு

நல்லது. சண்டை போடாதீர்கள். அந்த மெமோவின் அடியிலேயே "இன்ன நாள், இன்ன நேரம், நேரில் கொடுத்தபோது வாங்க மறுத்தார்" என்று எழுதி, பார்த்த இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் பதிவு வசதியோடு, ஒப்புகையோடு அனுப்பணும் என்று கேளுங்கள். மறுத்துத் திரும்பி வந்தால் கவரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் அனுப்பி வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நாளை முதல் அவர் வராமல் நின்றுவிட்டாலும் "தானாகப் போய்விட்டார்" என்று பெயரை அடித்துவிடாதீர்கள். வேலையைக் கைவிட்டார் என்பது அவர் மனதில் இருந்த எண்ணத்தைப் பொறுத்தது என்று உச்ச நீதிமன்றம் 1979-லேயே சொல்லிவிட்டது. வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் போட வேண்டும், வராவிட்டால் மறுபடியும் போட வேண்டும்.

---

நேராப்பேசு

கடிதமா போட்டுக்கிட்டே இருக்கணுமா? வியாபாரம் எப்ப பார்க்கிறது?

---

ஷட்டர்_சத்தம்

ஒன்பது வருஷமா ஒரு ஆர்டர் கூட எழுதாம மிச்சம் பிடிச்ச பேப்பர் இருக்குமே அண்ணே, அதுல எழுதலாம்.

---

கலர்கடை

பதில் வந்துடுச்சு. தபால்ல. ரெண்டு பக்கம், சொந்தக் கையெழுத்து. சுருக்கமாச் சொல்றேன்.

கடன் விஷயம்: ஒரு பெயிண்டருக்கு 10,000 வரைக்கும் அவரே கொடுக்கலாம்னு அப்பா அனுமதிச்சதா எழுதியிருக்கார். அப்பாகிட்டக் கேட்டேன். "ஆமா, சொன்னேன், அதுல ஒரு ரூபா கூட வராமப் போனதில்லை"ன்னார். என்னத்தச் சொல்ல.

பில்: சாஃப்ட்வேர்ல சரக்குப் பேரெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, யாரும் உக்கார வச்சுச் சொல்லித் தரலை, ஒரு தடவை தப்பா அடிச்சப்போ பசங்க சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கார்.

கஸ்டமர் அம்மா: பேசினது உண்மை, வருத்தம் தெரிவிக்கிறேன்.

பையன்: பெயிண்டர்களுக்காகக் கம்பெனி பக்கெட்டுக்குள்ள வைக்கிற பரிசு டோக்கனை அவன் எடுத்து வெளிய வித்தான், அதைக் கேட்டேன், கை ஓங்கினேன், அடிக்கலை.

இதுல கடைசி விஷயம் எனக்குப் புதுசு. பையன்கிட்டக் கேட்டேன், திணறுறான்.

---

வழக்குக்கட்டு

இந்த இரண்டு பக்கம் உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. இதைக் கேட்காமல் நீக்கியிருந்தால் இதே விஷயங்களை அதிகாரி முன்னால் முதல் தடவையாகக் கேட்டிருப்பீர்கள்.

கடன் குற்றச்சாட்டைக் கைவிடுங்கள். முன்னாள் முதலாளியே அனுமதித்தது, இத்தனை வருஷம் யாரும் தடுக்கவில்லை. இனி கூடாது என்றால் இன்றைய தேதியில் எழுத்தில் உத்தரவு போடுங்கள், மீறினால் அன்றிலிருந்து குற்றம். பில் விஷயத்திலும் பயிற்சி கொடுத்த பிறகுதான் பேச முடியும். மிஞ்சுவது கஸ்டமரைப் பேசியதும் கை ஓங்கியதும். முதலாவதை அவரே ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்துவிட்டார்.

இதற்கு வேலை நீக்கம் என்று தண்டனை கொடுத்தால் நிற்குமா என்று கேட்பீர்கள். நிற்பது சந்தேகம். ஒன்பது வருஷத்தில் முந்தைய மெமோ ஒன்றுகூட இல்லை. குற்றத்துக்குத் தண்டனை மிஞ்சிவிட்டது என்று தீர்ப்பாயம் அதைக் குறைக்க முடியும். எழுத்தில் கடும் எச்சரிக்கை கொடுங்கள், அது கோப்பில் இருக்கட்டும்.

வருங்காலத்தில் மறுபடி நடந்து, விசாரணை வரைக்கும் போனால் மட்டும் இது: விசாரிக்கிறவர் நீங்களாக இருக்கக் கூடாது, சாட்சியாக இருப்பவரும் கூடாது. உங்கள் சாட்சியை அவர் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தரணும். கஸ்டமர் நேரில் வராமல் புகார்க் கடிதம் மட்டும் இருந்தால் பலம் குறைவு. அறிக்கையின் நகலை அவருக்குக் கொடுத்துப் பதில் கேட்ட பிறகே தண்டனை. கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது இது, தனியாருக்கும் பொருந்தும். இடைநீக்கம் செய்து வைத்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகக் கொடுத்தாக வேண்டும்.

---

தறிக்காரம்மா

அந்தப் பசங்க சிரிச்சாங்கன்னு எழுதினாரே, அதைப் படிச்சதும் எனக்கு எல்லாம் விளங்கிருச்சு. ஐம்பது வயசு ஆளு கலருக்கு ராஜாவா இருந்துட்டு, கம்ப்யூட்டர் முன்னால சின்னப் பையன்கிட்டத் தலை குனியறதுன்னா பத்தரைக்கு இல்லை, பன்னெண்டுக்குத்தான் கடைக்கு வரத் தோணும். சரக்குப் பேரைத் தமிழ்ல ஏத்த முடியுமான்னு சாஃப்ட்வேர்காரங்களைக் கேளுங்க, பெரும்பாலும் முடியுமுங்க.

அதுக்காக அவர் வாயைச் சும்மா விட்டுறச் சொல்லலை. அந்தக் கஸ்டமர் அம்மா வீட்டுக்கு நீங்க ஒரு தடவை போய்ட்டு வாங்க.

---

கலர்கடை

கொஞ்ச நாள் கழிச்சு எழுதுறேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன், இந்தத் தடவை கையெழுத்துப் போட்டு வாங்கிட்டார். சரக்குப் பேரைத் தமிழ்ல மாத்தியாச்சு. ரெண்டு வாரம் பில் போட்டார், மெதுவாத்தான், ஆனா போட்டார். கடைக்குள்ள சத்தம் குறைஞ்சுது.

இப்ப அவரே வந்து, "தம்பி, நான் விலகிக்கிறேன். ரெண்டு பெயிண்டர்களோட சேர்ந்து காண்ட்ராக்ட் எடுக்கப் போறேன், என் கணக்கை முடிச்சுக் கொடு"ங்கறார். கோபமா சொல்லலை. அப்பாவுக்கு வருத்தம், எனக்கு நிம்மதியா வருத்தமான்னு தெரியலை. எவ்வளவு கொடுக்கணும்? அட்வான்ஸ் 40,000 பிடிக்கலாமா?

---

சலான்காரர்

10 பேருக்கு மேல இருக்கிற கடை, 5 வருஷம் தாண்டின ஆள், அதனால கிராச்சுட்டி (பணிக்கொடை) உண்டு. ராஜினாமா பண்ணினாலும் உண்டு. கடைசி மாசச் சம்பளம் 22,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 9 வருஷத்தால பெருக்குங்க: 1,14,231 ரூபாய். சம்பளத்தைப் பேசிக், அலவன்ஸ்னு பிரிக்காததால முழுசும் கணக்குல வருது. ஒன்பதுக்கு மேல இருக்கிற மாசம் ஆறைத் தாண்டியிருந்தா 10 வருஷமாப் போடணும், சேர்ந்த தேதியைப் பாருங்க.

அதோட வேலை பார்த்த நாள் சம்பளம், எடுக்காத ஈட்டிய விடுப்புக்குப் பணம். புது ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, விலகின ஆளுக்கும் சம்பளப் பாக்கியை 2 வேலை நாளுக்குள்ள கொடுத்துடணும். கிராச்சுட்டிக்கு 30 நாள்.

அட்வான்ஸைக் கடைசிச் சம்பளத்துல பிடிக்கலாம், பாதிக்கு மேல பிடிக்கக் கூடாது. கிராச்சுட்டியில கை வைக்காதீங்க, அதுக்குச் சட்டத்துல தனிப் பாதுகாப்பு இருக்கு. முழுத் தொகையையும் வங்கியில போட்டுட்டு, மிச்ச அட்வான்ஸை அவரையே திருப்பிக் கட்டச் சொல்லுங்க. கட்டுவார்னு தோணுது.

---

வழக்குக்கட்டு

ராஜினாமாவை அவர் கையாலேயே, தமிழில், வீட்டில் உட்கார்ந்து எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடையில் உட்கார வைத்து எழுத வாங்காதீர்கள். நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஒரு கடிதம். பணம் கொடுக்கும்போது எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரித்து எழுதிய தாளில் இருவரும் கையெழுத்திட்டால் நல்லது. அவர் வீட்டு ஆள் ஒருவர் உடனிருந்தால் இன்னும் நல்லது.

---

நேராப்பேசு

பெயிண்டர் எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடுவாரே! ரெண்டு வருஷத்துக்கு இந்த ஊர்ல பெயிண்ட் சம்பந்தமா எதுவும் செய்ய மாட்டேன்னு பாண்டு பேப்பர்ல எழுதி வாங்குங்க.

---

வழக்குக்கட்டு

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 27-வது பிரிவு. வேலையை விட்ட பிறகு தொழில் செய்யக் கூடாது என்கிற நிபந்தனை செல்லாது. பாண்டுக்குக் கொடுக்கிற காசு வீண். காண்ட்ராக்ட் எடுக்கப் போகிறவர் எங்கேயோ பெயிண்ட் வாங்கித்தானே ஆகணும்?

---

கலர்கடை

அதையேதான் அவரும் சொன்னார். "சரக்கு உன்கிட்டத்தான் எடுப்பேன், ஆனா பில்லோட"ன்னார்.

ஒரு விஷயம் மட்டும். சர்வீஸ் சர்ட்டிஃபிகேட் கேட்கிறார். அதுல எச்சரிக்கை கொடுத்ததை எல்லாம் எழுதணுமா?

---

சலான்காரர்

வேண்டாம். எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், என்ன வேலை, கடைசிச் சம்பளம், சொந்த விருப்பத்துல விலகினார். இவ்வளவு போதும். டிண்டிங்ல நல்ல அனுபவம்னு ஒரு வரி சேர்த்தா பொய் இல்லையே.

அந்த டோக்கன் பையன் கதை என்னாச்சு?

---

கலர்கடை

அவனுக்கு மெமோ கொடுத்திருக்கேன். தேதி, நேரம், எத்தனை டோக்கன், எல்லாம் போட்டு. கையெழுத்துப் போட்டு வாங்கினான். பக்கெட் 4-ம் எங்க போச்சுன்னு அதுலயே தெரியும்னு நினைக்கிறேன்.

---

புதுக்கடை_பழனி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க கடையில 7 பேர்தான். இந்த 41-வது பிரிவு, கிராச்சுட்டி எல்லாம் எங்களுக்கும் உண்டா?

---

சலான்காரர்

கிராச்சுட்டி 10 பேர்ல இருந்துதான். ஆனா ஒரு தடவை 10 பேர் வச்சிருந்து, அப்புறம் 7-ஆக் குறைஞ்சிருந்தா தப்பிக்க முடியாது, அது தொடரும். 41-வது பிரிவுல ஆள் எண்ணிக்கையே கிடையாது, 6 மாசம் வேலை பார்த்திருக்கணும்ங்கிறதுதான். நிர்வாகப் பொறுப்புல இருக்கிற மேனேஜர், ஊர் ஊராச் சுத்துற சேல்ஸ் ஆள் மாதிரி சிலருக்கு அந்தச் சட்டத்துல விலக்கு இருக்கு. பேருக்கு மேனேஜர்னு கார்டு அடிச்சுக் கொடுத்தா அந்த விலக்கு வராது, என்ன வேலை செய்றார்னுதான் பார்ப்பாங்க. உங்க கதையைத் தனி இழையாப் போடுங்க, பார்க்கலாம்.